தனியே வளரும் யானைக் கன்று: காட்டுக் கூட்டத்திலும் கோயில் கொட்டிலிலும்

ரதவீதி (திருநெல்வேலி நகர்)

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தபோது ஊரே திரண்டு வந்து அஞ்சலி செலுத்தியதை இங்குள்ள பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கோயிலில் இருந்த பிடி அது. அதன்பிறகு எங்கள் தெருவில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. வளர்ந்த யானையைக் கொண்டுவந்தால்தான் சிக்கல், பால் மறந்த கன்றாகப் பார்த்துக் கொண்டுவந்தால் நம் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பழகி வளர்ந்துவிடும் என்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்களே தவிர அவர்களுக்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை.

கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் கூறியிருப்பதை அறிவேன். நான் கேட்க விரும்புவது சட்டத்தைப் பற்றி அன்று. ஒரு யானைக் கன்று தன் இனத்தாரிடமிருந்து எதைக் கற்கிறது, எந்த வயதில் கற்கிறது, அந்த வயதில் மனிதர் மட்டுமே சூழ வளர்ந்தால் அதற்கு எது கிடைக்காமல் போகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கமாக எழுத வேண்டும். தெருவில் அந்தப் பேச்சு மீண்டும் எழும்போது, கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் ஏன் கூடாது என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சேர்வலாறு (பாபநாசம்)

தங்கச்சி, எந்த வயதில் என்று கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். வனத்துறைப் பணியில் நான் கண்டதையும் ஆய்வாளர்கள் எழுதியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

யானை 18 முதல் 22 மாதம் வரை சூல் கொள்கிறது. பிறக்கும் கன்று ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். பிறந்த ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். உடல் இவ்வளவு முதிர்ந்து பிறந்தாலும், பிழைப்புக்கு வேண்டிய அறிவு எதுவும் அதனிடம் முதிர்ந்திருப்பதில்லை. தும்பிக்கையை என்ன செய்வது என்றே முதல் சில மாதங்களுக்கு அதற்குத் தெரியாது; அதை மிதித்துத் தடுமாறும், சும்மா சுழற்றிக்கொண்டிருக்கும், பாலைக்கூட வாயால்தான் குடிக்கும். புல்லைச் சுற்றிப் பிடுங்கி, வேர்மண்ணைக் காலில் தட்டி உதிர்த்து வாயில் வைப்பது என்ற எளிய வேலையைச் செய்யப் பல மாதங்கள் பழக வேண்டும். தாய் மெல்லும்போது கன்று தன் தும்பிக்கையைத் தாயின் வாய்க்குள் விட்டு, உள்ளே இருப்பது எந்தத் தழை என்று முகர்ந்து சுவைத்துப் பார்ப்பதைக் காட்டில் அடிக்கடி காணலாம். எதைத் தின்னலாம் என்ற பாடம் அப்படித்தான் நடக்கிறது. தாயின் லத்தியையும் சிறிது தின்னும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை; தழையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் கன்றின் குடலுக்குள் அந்த வழியாகவே சேர்கின்றன.

அடுத்ததாக உறவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பிடி பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஈனும் என்பதால், புதிதாகப் பிறந்த கன்றுக்கு நான்கைந்து வயதில் ஒரு மூத்தது, அதற்கும் மூத்ததாய் ஒரு பெண் என்று கூடப்பிறந்தவை சுற்றிலும் இருக்கும். போதாதற்குச் சித்தி, பாட்டி, அவர்களுடைய கன்றுகளும் இருக்கும். இளம் பிடிகள் இந்தப் புதுக் கன்றை விடவே விடாது. அது சரிவில் வழுக்கினால் தும்பிக்கையால் தாங்குவது, தூங்கும்போது காவல் நிற்பது, தாய் மேயப் போனால் பக்கத்தில் இருப்பது என்று ஓயாமல் கவனிக்கும். ஆப்பிரிக்காவின் அம்போசெலியில் 1972 முதல் நடைபெற்றுவரும் நெடுங்கால ஆய்வில், இப்படிப்பட்ட செவிலியர் மிகுதியாக உள்ள குடும்பங்களில் கன்றுகள் அதிகமாகப் பிழைப்பது தெரியவந்தது. கன்றுக்கு மட்டுமல்லாமல் அந்த இளம் பிடிகளுக்கும் இது பெரும் பயன் தருகிறது. நாளை தாயாக வேண்டியவை இன்று தங்கையை வளர்த்துப் பழகுகின்றன.

நம் ஆசிய யானைகளின் கூட்டம் ஆப்பிரிக்க யானைகளுடையதைப் போல எப்போதும் ஒட்டியே திரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் கபினிப் பகுதியிலும் இலங்கையின் உடவளவையிலும் தனித்தனி யானைகளை அடையாளம் கண்டு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இன்று இரண்டு மூன்று பிடிகள் கன்றுகளோடு சேர்ந்து நிற்கும், நாளை பிரிந்து வேறு சிலவற்றோடு நிற்கும். ஆனால் அந்தப் பெரிய உறவுவட்டம் மாறுவதில்லை. நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் இரண்டு பிடிகளும் ஒரு கன்றும் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதான் இவற்றின் குடும்பம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மற்றவை அடுத்த ஓடையில் நிற்கலாம். காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது 1984-இல் கண்டறியப்பட்டது. அந்த ஒலி காட்டுக்குள் வெகுதொலைவு செல்லும். கன்று அந்தப் பேச்சுக்கு நடுவேதான் வளர்கிறது.

ஆடித்தபசு (சங்கரன்கோவில்)

சேர்வலாறு அண்ணாச்சி எழுதியதை முழுவதும் படித்தேன். காட்டில் அப்படித்தான் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கோயில் யானைக்கு உறவே இல்லை என்பதுபோல ஒரு பொருள் இதில் தொனிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் கோயில் யானை கோமதியைக் காலையில் பார்க்காமல் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் இன்றும் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். தான் உண்ணும் முன்னே யானைக்குக் கவளம் உருட்டிக் கொடுக்கும் பாகன் இருக்கிறார். அவர் குரல் மதிலுக்கு அப்பால் கேட்டாலே யானை செவியை விரிக்கிறது. தெப்பக்காட்டு முகாமில் தாயைப் பிரிந்து வந்த ரகு, பொம்மி என்னும் கன்றுகளை ஒரு பழங்குடிக் குடும்பம் தம் பிள்ளைகளாகவே வளர்த்ததை உலகமே பார்த்தது. அதெல்லாம் உறவு இல்லையென்றால் வேறு எது உறவு?

சிறு வயதிலிருந்தே மனிதரோடு வளரும் கன்றுக்கு மனிதர்தாமே கூட்டம்? காட்டை அறியாத உயிர் காட்டை எண்ணி எப்படி ஏங்கும்? இதற்கு விடை கேட்டுத்தான் எழுதுகிறேன். வாதத்தில் வெல்வதற்காக அன்று.

மேலகரம் மருத்துவர் (தென்காசி)

ஆடித்தபசு அக்காவின் கேள்வி நேர்மையானது. நான் கால்நடை மருத்துவன். யானைக்கும் பாகனுக்கும் இடையே உருவாகும் பற்று உண்மையானது. அதை மறுப்பவர்கள் அருகிலிருந்து பார்க்காதவர்கள். ஆயினும் கன்றுக்கு அந்தப் பற்று போதுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண, மனிதர் பொறுப்பில் வளரும் யானைகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காட்டையும் கொட்டிலையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தினால் இது விளங்காது.

மியான்மரில் மரம் இழுக்கும் யானைகள் பகலில் வேலை செய்யும். இரவில் காட்டுக்குள் அவிழ்த்து விடப்படும். அங்கே கன்றுகள் நான்கைந்து வயது வரை தாயோடு திரியும், மற்ற யானைகளோடு கலந்து மேயும். அந்த யானைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு இருப்பதால் ஆய்வாளர்களால் கணக்கெடுக்க முடிந்தது. 2016-இல் வெளியான ஆய்வின்படி, 20 வயதுக்குட்பட்ட இளந்தாய்க்குப் பிறந்த கன்றோடு அதன் பாட்டியும் ஒரே இடத்தில் இருந்தால், அக்கன்று இறக்கும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த முகாம்களில் பாகன் எப்போதும் உண்டு, தீவனமும் மருந்தும் உண்டு. இவ்வளவு இருந்தும் ஒரு பாட்டி கூட இருப்பதால் இத்தனை வேறுபாடு ஏற்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மாறாக, ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் உணவுக்கோ மருத்துவத்துக்கோ எந்தக் குறையும் இல்லை. அங்கே பிறந்த ஆசியப் பிடிகளின் நடு வாழ்நாள் (பாதி யானைகள் இறந்துவிடும் வயது) 18.9 ஆண்டு, மியான்மர் முகாம்களில் பிறந்தவற்றுக்கு 41.7 ஆண்டு. 2008-இல் வெளியான அந்த ஆய்வு, ஒரு காட்சிசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவதும் ஆசிய யானைகளின் ஆயுளைக் குறைப்பதாகக் கண்டது. பிறப்பையே கண்டிராமல் வளர்ந்த பிடி தானே முதன்முதலாக ஈனும்போது, கீழே விழுந்து அசையும் அந்தப் பொருள் என்னவென்று அறியாமல் மிரண்டு, கன்றை உதைத்துக் காயப்படுத்துவதும் கொல்வதும் காட்சிசாலைகளில் நடந்திருக்கின்றன. தங்கையைத் தாங்கிப் பழகாததன் விலை அது.

தமிழ்நாட்டிலேயே கோயில், தனியார், வனத்துறை முகாம் ஆகிய மூவகை யானைகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள். வனத்துறை முகாம்களில் யானைகள் குழுவாக வாழ்கின்றன, கன்றும் ஈனுகின்றன. கோயில்களில் பெரும்பாலும் ஒற்றை யானையே இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று உடலை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டும் பழக்கம் கோயில் யானைகளிடம் மிகுதி, முகாம் யானைகளிடம் குறைவு. நாகசுரத்துக்கு யானை ஆடுகிறது என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்கிறோமே, அந்த ஆட்டத்தை மேளம் ஓய்ந்த பிறகு நள்ளிரவிலும் சென்று பாருங்கள். ஆடிக்கொண்டுதான் இருக்கும். காட்டை அறியாத உயிர் எப்படி ஏங்கும் என்று கேட்டீர்கள். யானை காட்டைத்தான் எண்ணி ஏங்குகிறது என்று நான் சொல்லவில்லை. தொடவும் உரசவும் பதிலுக்குக் குரல் கொடுக்கவும் இன்னொரு யானை வேண்டும் என்பது அதன் உடலிலேயே இருக்கிறது. அந்த இடத்தை எதுவும் நிரப்பாதபோது உடல் இப்படி ஆடத் தொடங்குகிறது.

தாய்லாந்தில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்கிறேன். முகாமில் ஒரு யானை மிரண்டால் அருகிலுள்ளது ஓடிவந்து, தும்பிக்கையால் அதன் முகத்தையும் வாயையும் தொட்டு, மெல்லிய குரல் கொடுத்துத் தேற்றுவதைப் பதிவு செய்தார்கள். ஒற்றை யானை வெடிச்சத்தத்துக்கு மிரளும்போது பாகன் தட்டிக் கொடுக்கிறார். ஆனால் இரவு அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

ரதவீதி (திருநெல்வேலி நகர்)

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. மேளம் ஓய்ந்த பிறகும் ஆடும் என்ற வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுத்ததற்குப் போக முடியவில்லை. ஒன்று கேட்க வேண்டும். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் தெய்வானை யானை தாக்கிப் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்தார்கள். தனிமையில் வளர்ந்ததால்தான் அப்படி நடந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வாறு சொல்லலாமா?

மேலகரம் மருத்துவர் (தென்காசி)

சொல்லக் கூடாது என்பது என் கருத்து. இரண்டு குடும்பங்களின் துயரத்தை நாம் நம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது முறையன்று; ஒரே ஒரு நிகழ்விலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்கவும் முடியாது. யானைகள் பலவற்றை நெடுங்காலம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தனிமையின் விளைவு தெரியும். முன்பு நான் சொன்ன ஆய்வுகள் அப்படிப்பட்டவை.

கடனாநதி (கடையம்)

எல்லாரும் கோயிலைப் பற்றியே எழுதுகிறீர்கள். மலையடிவாரத்தில் வாழையும் தென்னையும் வைத்திருக்கும் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். தாயும் கன்றுமாக ஓர் இரவு வந்து போனால் குலை தள்ளும் நிலையில் உள்ள வாழை அத்தனையும் போய்விடும். வடகரை, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று அடிவாரம் முழுவதும் இதே நிலைதான். தாய் தின்பதைப் பார்த்துக் கன்று கற்றுக்கொள்ளும் என்று சேர்வலாறு அண்ணாச்சியே எழுதியிருக்கிறார். அப்படியானால் வாழைத்தோட்டத்தையும் அது தாயிடமிருந்துதானே கற்கிறது? அந்தக் கன்று வளர்ந்து இன்னும் ஐம்பது ஆண்டு எங்கள் தோட்டத்துக்கு வருமே. தோட்டத்துக்கு வந்து பழகிய கூட்டத்தின் கன்றுகளையாவது பிடித்து முகாமில் வளர்த்தால் என்ன? யானை மேல் எனக்குப் பகை இல்லை. வங்கிக் கடன் இருக்கிறது.

சேர்வலாறு (பாபநாசம்)

தம்பி, உங்கள் இழப்பை நான் அறிவேன். இழப்பீடு காலத்தில் வருவதில்லை என்பதையும் அறிவேன். நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. தோட்டத்து ருசியும் கற்றுக்கொள்வதுதான். ஆனால் கன்றைப் பிரித்தெடுத்தால் அந்தப் பாடம் நிற்காது. அஞ்சத் தெரிந்த பாடமும் சேர்ந்து அறுந்துபோகும். எந்த ஊர்ப்பக்கம் போகக் கூடாது, மனித வாடை வந்தால் எந்த ஓடை வழியே திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் கன்றுக்குக் காட்டுவது மூத்த பிடிதான்.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். குரூகர் காட்டில் யானைகள் பெருகிவிட்டன என்று கூட்டங்களைச் சுட்டுக் குறைத்தபோது, கன்றுகளை மட்டும் உயிரோடு எடுத்துப் பிலானஸ்பர்க் என்ற வேறொரு காட்டில் விட்டார்கள். பெரியவர் துணை இல்லாமல் வளர்ந்த அவற்றுள் ஆண் யானைகள் உரிய வயதுக்கு முன்பே நெடுநாள் நீடிக்கும் மதம் கொண்டு, 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டதும் இளையவற்றின் மதம் அடங்கியது, கொலையும் நின்றது. வேலியோ துப்பாக்கியோ செய்யாததை ஆறு பெரியவர்கள் செய்தார்கள்.

ஆண் கன்று பத்து, பதினைந்து வயதுக்குள் தாயின் கூட்டத்தை விட்டு விலகும். விலகியபின் தனித்தே திரியும் என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் அது மூத்த ஆண்களைத் தேடிப் போகும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வேளாண் நிலங்களை ஒட்டிய பகுதிகளில் இளம் ஆண்கள் பெரிய குழுக்களாகச் சேர்ந்து வாழ்வதை 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆபத்து மிகுந்த இடத்தில் ஒன்றையொன்று சார்ந்து பிழைக்கும் வழியாக அதை ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். உங்கள் தோட்டத்துக்கு நாளை வரப்போவது எப்படிப்பட்ட ஆண் என்பது, இன்று அந்தக் கன்றுக்கு எப்படிப்பட்ட பெரியவர்கள் கிடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்று. நம் அகத்தியமலை யானைகள் வடக்கே பெரியாற்றுப் பக்கத்து யானைகளிடமிருந்து செங்கோட்டைக் கணவாயால் ஏறத்தாழத் துண்டிக்கப்பட்டவை. சாலையும் இருப்புப்பாதையும் தோட்டங்களுமாக அந்த இடைவெளி அடைந்துகிடக்கிறது. 2022-இல் 1,197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனாலும் தெற்கே இருப்பது எண்ணிக்கையில் சிறிய யானைத் தொகுதி. அதிலிருந்து ஒவ்வொரு கன்றாக எடுத்தால் சில தலைமுறைகளில் தாங்கிப் பிடிக்கச் சித்தியும் அக்காவும் இல்லாத கூட்டமாகிவிடும்.

ஆடித்தபசு (சங்கரன்கோவில்)

புதிதாகக் கன்று கொண்டுவர வேண்டும் என்று நான் இனிச் சொல்லப் போவதில்லை. ஆனால் இப்போது கோயில்களில் இருக்கும் யானைகள்? அவை கன்றாக வந்தவை. காட்டுக்குத் திரும்ப முடியாதவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்கலாமே. 2003-இல் தொடங்கிய நலவாழ்வு முகாமுக்கு நம் பக்கத்து யானைகள் முதலில் முதுமலைக்கும் பின்னர் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டிக்கும் போய் 48 நாள் தங்கிவந்தன. இரண்டு மூன்று யானைகள் ஒன்றை விட்டு ஒன்று அகலாமல் நின்றதைப் பாகன்கள் வந்து சொல்வார்கள். பிரித்து லாரியில் ஏற்றும்போது பிளிறியதையும் சொல்வார்கள். அவ்வளவு தொலைவு போகாமல், தாமிரபரணிக் கரையிலேயே நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் கோயில் யானைகளுக்குப் பொதுவாக ஓரிடம் அமைத்து, திருநாளுக்கு மட்டும் அந்தந்தக் கோயிலுக்கு அழைத்து வந்தால் ஆகாதா?

மேலகரம் மருத்துவர் (தென்காசி)

ஆகும். இந்த இழையில் நான் படித்தவற்றுள் செய்யத்தக்க யோசனை இதுவே. ஆனால் அவசரப்படக் கூடாது. பல ஆண்டுகள் தனித்திருந்த பிடிக்கு இன்னொரு யானையை எப்படி வரவேற்பது என்பதே தெரியாமல் இருக்கலாம்; நெருங்கி வருவதை அச்சுறுத்தலாக எடுத்துக்கொண்டு முட்டலாம், அல்லது மிரண்டு ஒடுங்கலாம். எனவே முதலில் குரல் கேட்கும் தொலைவில் கட்ட வேண்டும். பிறகு ஒன்று குளித்த துறையில் மற்றொன்றைக் குளிக்க விட்டு வாடை பழக்க வேண்டும். அதன்பின் தும்பிக்கை மட்டும் எட்டும்படியான வலுவான தடுப்புக்கு இருபுறமும் நிறுத்த வேண்டும். தீவனத்தைத் தனித்தனியே வைக்க வேண்டும். இரண்டு பாகன்களும் எப்போதும் உடனிருக்க வேண்டும். அந்தப் பாகன்களின் வேலைக்கும் ஊதியத்துக்கும் குறை வராது என்று முதலிலேயே உறுதி தர வேண்டும். இல்லையென்றால் அவர்களே இதை விரும்ப மாட்டார்கள், அது நியாயமும்கூட.

இலங்கையில் உடவளவையில் 1995 முதல் தாயற்ற கன்றுகளைப் பராமரிக்கும் இடத்தில், புட்டியில் பால் கொடுக்கும் நேரம் தவிர மனிதர் அவற்றோடு கொஞ்சுவதில்லை. கன்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்கின்றன. ஐந்து வயதளவில் குழுவாகக் காட்டுக்குள் விடப்படுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்டவை அப்படிப் போயிருக்கின்றன. தாய் இல்லாதபோதும் கன்று கன்றைப் பற்றிக்கொண்டு வளரும்.

கடனாநதி (கடையம்)

நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். விடியற்காலையில் தோட்டத்தில் கன்று மட்டும் தனியாக நின்றால் என்ன செய்வது? கிணற்றிலோ வாய்க்காலிலோ விழுந்து கிடப்பதும் உண்டு.

சேர்வலாறு (பாபநாசம்)

தம்பி, உடனே வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஊர்க் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வதே நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. தொடாதீர்கள், படம் எடுக்க அருகே போகாதீர்கள். பசிக்கிறதே என்று பசும்பால் கொடுக்காதீர்கள். யானைப்பாலும் பசும்பாலும் வெவ்வேறு, கழிச்சல் கண்டு கன்று இறந்துபோகும். தாய் பெரும்பாலும் கூப்பிடு தொலைவில்தான் நிற்கும். பட்டாசும் தகர ஒலியும் எழுப்பினால் அது இன்னும் விலகிப் போகும் அல்லது சினந்து திரும்பி வரும், இரண்டும் ஆபத்து.

2023 டிசம்பரில் வால்பாறைப் பக்கம் பிரிந்து நின்ற ஒரு கன்றை வனத்துறையினர் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். சில நாள் கழித்து அது தாயை ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. அந்தக் கன்று முகாமுக்குப் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. உங்கள் ஊரில் அடிவாரத் தோட்டக்காரர்கள் கூடும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். வனச்சரகரையும் அழைத்து வருவோம். உங்கள் இழப்பீட்டு மனுவையும் அன்றைக்கே அவரிடம் நேரில் கொடுத்துவிடலாம்.